மேற்குக் காட்டில் ஒரு பங்கு

"போட்டாலும் நீ என் தங்கச்சிதான், போடாட்டியும் என் தங்கச்சிதான். ஆனா போடலேன்னா, பெருநாள் அன்னிக்கு உன் வாசப்படி ஏற எனக்குக் கால் வராது. அவ்வளவுதான் சொல்லுவேன்."

"போட மாட்டேன்னு நான் சொன்னேனாண்ணே?"

"அப்ப ஏன் பேனாவைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற?"

"ஒண்ணு கேக்கணும்ணே."

"கேளு."

"ஒண்ணுமில்லண்ணே."

இந்தப் பேச்சு நடந்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நகரத்து மார்க்க நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில், சுவரில் சாய்ந்து நின்றபடி, ரஸ்மியா தன் தகப்பனாரின் நிலத்தில் தனக்கு எந்தப் பங்கும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள். காழி இரண்டு தடவை கேட்டார். "மனசாரத்தானே தாயி?" இரண்டு தடவையும் அவள் தலையாட்டினாள். அண்ணன் தவ்ஃபீக் பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் ஒருவன், தங்கை ஒருத்தி என்றால் தங்கைக்கு மூன்றில் ஒரு பங்கு. இது வேதத்தில் இருக்கிற கணக்கு. கஃபர் நூரா கிராமத்தில் ஐந்து வேளையும் தொழுகிற ஆண்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் அந்தப் பங்கைக் கையை நீட்டி வாங்குகிறவளுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு: அண்ணனைத் தின்றவள். அவள் புருஷனுக்கும் ஒரு பெயர் உண்டு. அது இன்னும் மோசம். பெண் கட்டிப் போன வீட்டுக்கு நிலம் போனால், நாளைக்கு யாரோ ஒருவனின் பிள்ளைகள் வந்து நம் மரத்தை உலுக்குவார்கள் என்பது ஊரின் நியாயம். ஆகவே தங்கைகள் எழுதிக் கொடுப்பார்கள். அண்ணன்மார் மனத்திருப்திக்கென்று ஏதாவது வாங்கித் தருவார்கள். சிலருக்கு வளையல் கிடைக்கும், சிலருக்குப் பட்டுத்துணி. ரஸ்மியாவுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட ரொட்டி அடுப்பு கிடைத்தது.

அந்த அடுப்பில்தான் அன்று காலை அவள் கீரை வைத்து மடித்த ரொட்டியைச் சுட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் விரிசல் விழுந்து, கதவைக் கம்பியால் கட்டி வைத்திருந்தது. ஐப்பசி பிறந்துவிட்டது. ஒலிவ அறுவடைக்காக ஊர் முழுக்க ஏணியும் விரிப்புத் துணியும் கழுதை வண்டியில் ஏறும் நேரம். அந்த நேரத்தில் தவ்ஃபீக் வந்து கதவோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் பெருநாள் அன்று மட்டும்தான் வருவார். தவறியதே இல்லை. தொழுகை முடிந்ததும் முதல் நடை தங்கை வீட்டுக்குத்தான். கையில் ஆட்டின் முன்தொடை இருக்கும். அவர் வருகிறார் என்று தெருவுக்கே தெரியும். பெண்ணுக்கு முதுகில் ஆள் இருக்கிறது என்று பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு நடைக்காகத்தான் ரஸ்மியா மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்திருந்தாள் என்றும் சொல்லலாம்.

"என்ன மச்சான், பெருநாளை முன்னாடி தள்ளிட்டாங்களா? ரேடியோவுல ஒண்ணும் சொல்லலியே," என்றார் ரஸ்மியாவின் கணவர் ஜவ்தத். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முழங்கால் வலியோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

தவ்ஃபீக் சிரிக்கவில்லை.

"கேட்ல என் பேரை அடிச்சுட்டாங்க," என்றார்.

ரஸ்மியா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

அவர்கள் தகப்பனார் விட்டுப்போன ஒலிவத் தோப்பான மேற்குக் காடு ஊருக்கு மேற்கே, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டபோது வேலி கிடையாது. அதற்கு அடுத்த வருஷங்களில்தான் ஆக்கிரமிப்பு ராணுவத்தின் புல்டோசர்கள் வந்து, மரங்களைப் பிடுங்கி, கம்பி வேலியும் அதையொட்டி ஒரு ராணுவச் சாலையும் போட்டன. ஊர் இந்தப் பக்கம், ஊரின் மரங்கள் அந்தப் பக்கம். நடுவில் ஒரு இரும்புக் கதவு. அறுவடைக்கு மட்டும் சிப்பாய்கள் அதைத் திறப்பார்கள். அனுமதி அட்டை உள்ளவன் உள்ளே போவான். அந்த அட்டை நிலத்துக்குச் சொந்தக்காரனுக்குத்தான். அவன் போனால் அவன் மகனும் கூலி ஆளும் போகலாம். அவன் போகாவிட்டால் யாரும் போக முடியாது. இத்தனை வருஷமும் தவ்ஃபீக்கும் அவர் மகன் நிதாலும் போய் வந்தார்கள். போன மாரிக்காலத்தில் ஒரு விடியற்காலை ஜீப்புகள் வந்து நிதாலைக் கொண்டுபோயின. என்ன குற்றம் என்று யாரும் சொல்லவில்லை, வக்கீலுக்கும் சொல்லவில்லை. ஆறு மாதம் என்றார்கள். ஆறு மாதம் முடிகிற அன்று இன்னும் ஆறு மாதம் என்றார்கள்.

"நிதாலோட அப்பன்னு எனக்குத் தடை. அம்மான்னு சுஹைலாவுக்கும் தடை," என்றார் தவ்ஃபீக். "போன வருஷமும் மழை சரியில்லாம விட்டுட்டோம். இந்த வருஷமும் கை படலேன்னா, தரிசு நிலம்னு பலகை நட்டு ராணுவமே எடுத்துக்கும். அபூ ஃபாரிஸ் சித்தப்பா காட்டுல நட்டாச்சு, பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"உன் பேர்ல ஒரு தடையும் இல்ல. நீ ஹாஜி அப்துல் ஹாதியோட மக. நாளைக்கு என்கூட ஆபீசுக்கு வா. உன் பேர்ல அட்டை கேப்போம்."

ரஸ்மியா கணவரைப் பார்த்தாள். ஜவ்தத் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரேண்ணே. ரொட்டி தின்னுட்டுப் போங்க. சூடா இருக்கு."

தவ்ஃபீக் ஒன்றை எடுத்துப் பிய்த்தார். வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தார். அடுப்பின் கம்பிக்கட்டை அவர் அன்றுதான் முதல்முறை கவனித்தார் போலிருக்கிறது.

"இதை மாத்தக் கூடாதா?"

"நல்லாத்தான் எரியுது," என்றாள் ரஸ்மியா.

*

அலுவலகத்தில் கூட்டம் அதிகம். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவன் நம் ஆள்தான். நகரத்துப் பையன், தலையில் எண்ணெய் பளபளத்தது. அவன் மனுக்களை வாங்கி அந்தப் பக்கத்துக்கு அனுப்புகிறவன், அவ்வளவே. தீர்மானம் செய்கிறவர்களை இங்கே யாரும் பார்த்ததில்லை.

"பேரு?"

"ரஸ்மியா அப்துல் ஹாதி."

அவன் தட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "ஒரு தடையும் இல்ல. சுத்தமான பேரு." மறுபடி தட்டினான். "ஆனா நிலம் எங்க?"

"மேற்குக் காடு. அத்தா நிலம்," என்றார் தவ்ஃபீக்.

"அதுல இவங்க பேரு இல்லியே ஹாஜி. பூரா உங்க பேர்லதான் இருக்கு."

"நான் அண்ணன். இவ என் தங்கச்சி. ஒரே ரத்தம்."

"ரத்தத்தைப் பாத்து அட்டை குடுக்க மாட்டாங்க. நிலத்துல பேரு இருக்கணும். ஒத்தை மரம் இவங்க பேர்ல இருந்திருந்தாலும் இன்னிக்கே அனுப்பிடுவேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "நீங்க எழுதி வாங்கிட்டீங்களா?"

தவ்ஃபீக் தலையைக் குனிந்தார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு கிழவர் இருமினார்.

"வெட்கப்படாதீங்க. இந்த மாசம் பூரா இதே கூத்துதான். உங்க பக்கத்து ஊர்க்காரங்க ஒவ்வொருத்தரும் ஒரு தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வராங்க. அண்ணனுக்குத் தடை, தங்கச்சிக்குத் தடை இல்ல. ஆனா தங்கச்சிக்கு நிலம் இல்ல. நான் என்ன செய்யறது? அவங்க வேலி போட்டாங்க. அதுக்கு முன்னாடியே நீங்க போட்டுட்டீங்க."

சொன்ன பிறகு கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று அவனுக்குத் தோன்றியது. தன் தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு, "அடுத்தவங்க வாங்க," என்றான்.

திரும்பும்போது தவ்ஃபீக் வண்டியை ஊர் முனையிலேயே நிறுத்தச் சொன்னார். அண்ணனும் தங்கையும் வேலி வரைக்கும் நடந்தார்கள். மேட்டில் நின்றால் காடு முழுசும் தெரியும். காய் பழுத்துக் கறுத்து, கிளைகள் பாரத்தில் தாழ்ந்திருந்தன. சில மரங்களுக்குக் கீழே தரையே கறுப்பாகத் தெரிந்தது, உதிர ஆரம்பித்துவிட்டது.

"கெணத்து மேட்டு வரிசை நிக்குது பாருண்ணே. அதுதான் எப்பவும் முதல்ல பழுக்கும்," என்றாள் ரஸ்மியா.

அந்த வரிசையில்தான் அவர்கள் அத்தா அறுவடையைத் தொடங்குவார். ஏணியில் தவ்ஃபீக் நிற்பான். தாழ்ந்த கிளைகள் ரஸ்மியாவுக்கு. மதியம் ஆனதும் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து தக்காளியும் ரொட்டியும் தின்பார்கள். கல்யாணமான பிறகும், எழுதிக் கொடுத்த பிறகும்கூட அவள் போனாள். அண்ணனின் காட்டில் அண்ணனுக்காகப் பறித்தாள். வேலி வந்ததோடு அதுவும் நின்றது.

"ஏணி அந்தக் கொட்டகையிலதான் இருக்கு," என்றார் தவ்ஃபீக் திடீரென்று. "மூணாவது படி ஆடும். நீ போனா அதுல ஏறாத. உன் உடம்புக்குத் தாங்காது."

"நான் குண்டுன்னு சொல்றீங்க."

"நான் எப்பச் சொன்னேன்? சுஹைலாதான் சொன்னா."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சின்ன வயசில் சிரித்த மாதிரியே இருந்தது. அப்போது ராணுவச் சாலையில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கிய சிப்பாய்க்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. தண்ணீர்ப் புட்டியை மூடிக்கொண்டே அரைகுறை அரபியில், "இன்னிக்கு கேட் இல்ல. போங்க," என்றான்.

"பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறோம்," என்றார் தவ்ஃபீக்.

"பாக்கவும் கூடாது. போங்க, மாமா." சொன்னவனுக்கும் அது விநோதமாகத்தான் இருந்திருக்க வேண்டும், வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

தவ்ஃபீக் கிளம்பினார். முதுகு வளைந்து, தோள் ஒடுங்கி, கீழே கல்லைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இதே மேட்டில் ஓடியவரா இவர் என்று நினைத்தபடி ரஸ்மியா பின்னால் நடந்தாள்.

*

வழக்கறிஞர் மர்வான் ஒரு வழி சொன்னார். அதைத் தவ்ஃபீக் நேரில் வந்து சொல்லவில்லை. மனைவி சுஹைலாவை அனுப்பினார்.

சுஹைலா அடுக்களையில் நின்றபடியே சொன்னாள். மகனைக் கொண்டுபோனதிலிருந்து அவள் எங்கேயும் உட்காருவதில்லை.

"ரெண்டு காகிதமாம் ரஸ்மியா. ஒண்ணுல உங்கண்ணன் உனக்கு மூணுல ஒரு பங்கு எழுதித் தருவாரு. ஆபீசுல காட்டுறதுக்கு. இன்னொண்ணுல நீ அதைத் திருப்பி அவருக்கே எழுதித் தரணும். தேதி போடாம. அது வீட்டுல பொட்டிக்குள்ள இருக்கும்."

"ரெண்டையும் ஒரே நாள்லயா மதினி?"

"ஒரே நேரத்துல. வக்கீலும் சாட்சியும் ரெண்டு தடவை வர வேணாம்னு."

சுஹைலா போகும்போது வாசலில் நின்று திரும்பினாள். "எங்க வீட்டுல நானும் எங்கண்ணனுங்களுக்கு எழுதிக் குடுத்தவதான். எனக்கு ஒரு கம்பளி குடுத்தாங்க," என்றாள். எதற்காகச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மாலையில் ஜவ்தத் வேனைக் கழுவிவிட்டு வந்தபோது, ரஸ்மியா தேநீரில் போட இலை கிள்ளிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னங்க, ஏதாவது சொல்லுங்களேன்."

"நான் என்ன சொன்னாலும் நான் தூண்டிவிட்டேன்னு ஆகும். அதுக்குப் பயந்துதான் இத்தனை வருஷமா உங்கண்ணன் காட்டைப் பத்தி நான் வாயே தொறந்ததில்ல. எண்ணெய் டின் வந்தாக்கூட நல்லாருக்குன்னு மட்டும்தான் சொல்லுவேன்."

"எனக்குத் தெரியாதா?"

"நீயும் எனக்காகத்தான் கேக்கல. எம் பேரு கெட்டுரும்னு."

அவள் இலையைக் கிள்ளுவதை நிறுத்தினாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர்கள் இதைப் பேசியதே இல்லை. அவர் அதை அறிந்திருந்தார் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"நான் மட்டும் என்ன யோக்கியம்?" என்றார் ஜவ்தத். "இந்த வீடு நிக்கிற மண்ணுல என் ரெண்டு அக்காமாருக்கும் பங்கு இருந்துச்சு. அழுதுக்கிட்டே எழுதிக் குடுத்தாங்க. அக்கா தம்பி பாசம்னு நெனச்சேன். வேணாங்கக்கான்னு ஒரு வார்த்த நான் சொல்லல. சொல்லணும்னு தோணவே இல்ல ரஸ்மியா. அதுதான் கேவலம்."

ரஸ்மியா தேநீரை ஊற்றி அவரிடம் நீட்டினாள். அவர் குவளையை வாங்காமல் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார். இலையின் வாசம் ஒட்டியிருந்த விரல்கள்.

"உனக்கு என்ன தோணுதோ அதைச் செய். ஊர் என்னை என்ன சொன்னாலும் நான் வேன் ஓட்டுவேன். ஏறுற பிள்ளைங்களுக்கு நிலக் கணக்கு தெரியாது."

"கேட்டா அண்ணன் வர மாட்டாருங்க. பெருநாளைக்கு."

"வர மாட்டாருதான்."

"கேட்டு என்ன ஆகப்போகுது? அட்டை குடுப்பாங்கன்னு என்ன நிச்சயம்? நிதாலோட அத்தைன்னு நாளைக்கு என் பேரையும் அடிச்சா?"

"அடிக்கலாம். அவங்க எதையும் செய்யலாம்."

ஆறிப்போன தேநீரைச் சூடுபண்ணிக் குடித்தார்கள்.

*

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு தவ்ஃபீக்கின் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். மர்வான் கறுப்புப் பையோடு வந்திருந்தார். சாட்சிக்கு இரண்டு பேர். ஒருவர், தன் காட்டில் பலகை நடப்பட்ட அபூ ஃபாரிஸ். சுவரில் நிதாலின் படம் மாட்டியிருந்தது. பள்ளிக்கூடம் முடித்த நாளில் எடுத்தது. சுஹைலா ஏலக்காய் போட்ட காப்பியைச் சின்னக் குவளைகளில் ஊற்றிவிட்டு உள்கதவோரம் நின்றாள்.

மர்வான் இரண்டு காகிதங்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது ராணுவத்துக்குக் காட்ட. இது வீட்டுக்குள்ள வெக்க," என்றார். "முதல்ல உங்கண்ணன் இதுல போடுவாரு. அப்புறம் நீங்க இதுல போடணும் தங்கச்சி. ரொம்பச் சுலபம்."

"சட்டத்துல இப்படி எழுதலாமா?" என்று கேட்டார் ஜவ்தத்.

"குடும்பத்துக்குள்ளதானே. யாரு கேக்கப்போறா?"

"அதானே," என்றார் அபூ ஃபாரிஸ். "பொம்பளப் பிள்ளைங்க பேர்ல நிலத்தை உண்மையாவே எழுதிவெச்சா அப்புறம் ஊரு என்னத்துக்கு ஆகும்? என் தங்கச்சிங்களும் எனக்கு எழுதித்தான் குடுத்தாங்க. மனசாரக் குடுத்தாங்க."

"அந்தக் காடு இப்ப யார்கிட்ட இருக்கு சித்தப்பா?" என்றாள் ரஸ்மியா.

அபூ ஃபாரிஸ் குவளைக்குள் பார்த்தார். அவள் கேலி செய்யவில்லை என்பதுதான் அவருக்கு வலித்தது.

தவ்ஃபீக் பேனாவை எடுத்தார். முதல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். கெட்டவரில்லை அவர். தங்கையை ஏமாற்றுகிறோம் என்று ஒரு கணமும் நினைத்ததில்லை. அத்தாவின் காட்டைச் சிதறவிடாமல் காப்பாற்றுகிறோம் என்றே அன்றும் நினைத்தார், இன்றும் நினைத்தார். கையிலிருந்து மகன் போய்விட்டான், நிலம் போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் கூடத்துக்குள் தான் சொன்னால் நடக்கும் என்பது மட்டும்தான் மிச்சம். அதையும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் துணியவில்லை.

சாட்சிகள் போட்டார்கள். மர்வான் இரண்டாவது காகிதத்தைத் திருப்பி ரஸ்மியாவின் பக்கம் நகர்த்தினார்.

அவள் எழுந்து மேசைக்கு வந்தாள். பேனாவை எடுத்தாள். ஜன்னல் வழியாக மேட்டின் விளிம்பு தெரிந்தது. அதற்குப் பின்னால் வேலி, அதற்குப் பின்னால் கிணற்று மேட்டு வரிசை. காற்று அடித்தது. இந்தக் காற்றில் இன்னும் எவ்வளவோ உதிர்ந்திருக்கும். அட்டை வந்தாலும் வருவதற்குள் எண்ணெய்க்கு ஆகாத காய்தான் மிஞ்சும். வராவிட்டால் பலகை வரும். தன் பெயர் அந்த நிலத்தில் இருந்தாலும் எதுவும் மாறிவிடாது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. பெருநாள் காலையில் ஆளில்லாத தன் வாசற்படியையும் அவளால் பார்க்க முடிந்தது.

அவள் பார்வை ஜவ்தத்திடம் போனது. அவர் கண்ணை எடுக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பேனாவைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற?" என்றார் தவ்ஃபீக். அதட்டலாகச் சொல்ல நினைத்தது கெஞ்சலாக வந்தது.

"ஒண்ணு கேக்கணும்ணே."

"கேளு."

ரஸ்மியா பேனாவை மூடி, இரண்டாவது காகிதத்தின்மேல் வைத்தாள்.

"அத்தா காட்டுல என் பங்கு எனக்கு வேணும்ணே. ராணுவத்துக்குக் காட்ட இல்ல. எனக்கு."